கருந்தாதுவின் பிறந்த நாள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

புனித அன்னம்மாளையும் புனித சுவக்கினையும் நாம் அனைவரும் அறிவோம். தேவமாதாவின் பெற்றோராகிய இவ்விருவரின் திருநாளை ஜூலை 26ஆம் நாள் கொண்டாடுகிறோம். ஐரோப்பாவின் நடுவே, ஜெர்மனிக்கும் செக் குடியரசுக்கும் எல்லையாக நிற்கும் ஒரு மலைத்தொடரில் இவர்கள் பெயரால் ஊர்கள் இருக்கின்றன என்பது எங்களில் பலருக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. ஜெர்மனியின் பக்கம் அன்னாபெர்க், அதாவது அன்னம்மாள் மலை. அதற்கு அண்மையில் மரியன்பெர்க், மரியாள் மலை. செக் நாட்டின் பக்கம் யோவாக்கிம்ஸ்தால், சுவக்கின் பள்ளத்தாக்கு. இந்த மூன்றாவது ஊரைச் செக் மொழியில் யாக்கிமோவ் என்கிறார்கள். மலைத்தொடரின் பெயர் எர்ட்ஸ்கெபிர்கெ. அதற்குத் தமிழில் 'தாதுமலை' என்று பொருள். இனி நாம் தாதுமலை என்றே சொல்லுவோம்; நம் நாவுக்கு அதுவே சுகம்.

1516ஆம் ஆண்டில் யோவாக்கிம்ஸ்தாலில் வெள்ளி கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே குடியேறினர். அவ்வெள்ளியில் அடித்த நாணயத்தில் புனித சுவக்கினின் உருவம் இருந்தது. அதை யோவாக்கிம்ஸ்தாலர் என்றார்கள். பிறகு சுருக்கித் தாலர் என்றார்கள். அந்தச் சொல்லே கடல் கடந்து டாலர் ஆயிற்று. சுரங்கக் கலை பற்றிப் பெருநூல் எழுதிய அக்ரிகோலா இவ்வூரில் மருத்துவராகப் பணியாற்றியவர். அவரது நூல் 1556இல், அவர் இறந்த மறு ஆண்டில், அச்சாகி வந்தது.

வெள்ளியைத் தேடிப் பாறைக்குள் சென்ற தொழிலாளருக்கு அடிக்கடி வேறொரு கல் தட்டுப்பட்டது. தார் போன்ற கறுப்பு. கையில் எடுத்தால் எதிர்பாராத கனம். அது தென்பட்டால் வெள்ளி தீர்ந்தது என்று பொருள் கொண்டு முகம் வாடினார்கள். 'பெக்' என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தார் என்றும் பொருள், கெட்ட காலம் என்றும் பொருள். ஆகவே அந்தக் கல்லைப் பெக்பிளெண்ட் என்று அழைத்து, குப்பையில் கொட்டினார்கள். நம் பாடநூல்களில் வரும் பிட்ச்பிளெண்டு இதுதான். யுரேனிய ஆக்சைடு மிகுந்த கனிமம் இது.

1789இல் கிளாப்ரோத் என்னும் பெர்லின் வேதியியலார், இதே தாதுமலையில் உள்ள யோஹான்கியார்கென்ஷ்டாட் என்ற ஊரிலிருந்து வந்த பிட்ச்பிளெண்டை ஆராய்ந்து, இதில் ஒரு புதிய தனிமம் உண்டு என்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெர்ஷல் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கோளின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர் யாக்கிமோவில் யுரேனியத்தைக் கண்ணாடிக்கு மஞ்சளும் பச்சையுமாக நிறமேற்றப் பயன்படுத்தினார்கள். யுரேனியம் எடுத்த பிறகு எஞ்சிய கசடு மலைக்காட்டில் குவிந்து கிடந்தது. அந்தக் கசடுதான், பைன் மரத்தின் ஊசியிலைகள் கலந்த பழுப்புத் தூளாக, சாக்கு மூட்டைகளில் பாரிசுக்கு வந்து சேர்ந்தது. மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியரும் 1898இல் பிட்ச்பிளெண்டில் போலோனியமும் ரேடியமும் இருப்பதை அறிவித்தார்கள். 1902இல் டன் கணக்கான கசடைக் காய்ச்சிக் காய்ச்சி, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார்கள்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அந்தக் கருந்தாது பூமிக்குள் எப்போது பிறந்தது? எங்கிருந்து வந்தது? எவரும் கண்ணால் கண்டிராத ஒரு நிகழ்ச்சிக்கு நாள் குறிப்பது எப்படி என்பதைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் தாது இருக்கும் இடத்தைப் பார்ப்போம். பாறையில் வெடிப்பு விடுகிறது. ஆழத்திலிருந்து வெந்நீர் அவ்வெடிப்பின் வழியே ஊர்ந்து செல்கிறது. நீரில் கரைந்திருப்பவை வெடிப்பின் சுவர்களில் படியத் தொடங்குகின்றன. நாள்தோறும் உப்புத் தண்ணீர் காய்ச்சும் வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் படிவு கட்டுவதை நம் வீடுகளில் பார்க்கிறோம் அல்லவா? அதே செயல்தான். காலப்போக்கில் வெடிப்பு நிரம்பி, பாறையின் உடலில் நரம்பு ஓடுவது போலத் தோன்றும். இதனையே தாதுநாளம் என்கிறோம். யாக்கிமோவின் நாளங்களில் குவார்ட்ஸ், கால்சைட் போன்ற வெண்கனிமங்களுக்கு நடுவே பிட்ச்பிளெண்டும், வெள்ளியும், கோபால்ட்டும், நிக்கலும், பிஸ்மத்தும் உள்ளன.

அந்த வெந்நீர் எங்கிருந்து வந்தது என்பதில் நெடுநாள் வழக்கு இருந்தது. தாதுமலையின் அடியில் பெரும் கிரானைட் பாறைகள் உள்ளன. அவை ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்து ஆறி இறுகியவை. கீரையை வாணலியில் இட்டு வதக்கும்போது நாம் நீர் ஊற்றாமலே அது தானாக நீர் விடுகிறது. அதுபோல, கிரானைட் இறுகும்போது கடைசியாகப் பிரிந்த நீரே யுரேனியத்தையும் கொண்டுவந்தது என்பது பழைய கருத்து. மற்றொரு கருத்து காப்பி வடிகட்டியைப் போன்றது. தூள் ஆறிக் கிடக்கிறது. வேறு எங்கிருந்தோ வந்த சுடுநீர் அதன் வழியே இறங்கிச் சாரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது கிரானைட் இறுகிக் குளிர்ந்து வெகுகாலம் சென்ற பிறகு, மேலிருந்து இறங்கிய நீர் பூமியின் சூட்டில் காய்ந்து, கிரானைட்டிலிருந்த யுரேனியத்தைக் கரைத்து எடுத்து வந்தது என்பது.

கீரை நீரா, காப்பி வடிநீரா? இதைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. கிரானைட்டின் வயதும் தாதுவின் வயதும் ஒன்றாக இருந்தால் முதல் கருத்துக்கு இடமுண்டு. தாது மிகவும் இளையதாக இருந்தால் முதல் கருத்து நில்லாது. ஆகவே வயதுதான் இங்கே முதல் சாட்சி.

வயதைச் சொல்லும் கடிகாரம் தாதுவுக்குள்ளேயே இருக்கிறது. யுரேனியம் அணுக்கள் தாமாகவே சிதைகின்றன. யுரேனியம்-238 படிப்படியாக எட்டு ஆல்பா துகள்களை இழந்து காரீயமாக மாறுகிறது. ஒரு ஆல்பா துகளின் நிறை 4. எட்டு நான்கு 32. 238இல் 32 போனால் 206. ஆகவே கடைசியில் நிற்பது காரீயம்-206. இதன் உடன்பிறப்பான யுரேனியம்-235 ஏழு ஆல்பா துகள்களை இழந்து காரீயம்-207 ஆகிறது. முன்னதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே 454 கோடிதான். பின்னதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 70 கோடி ஆண்டுகள். விரைவாகச் சிதைந்துவிட்ட காரணத்தால் யுரேனியம்-235 இன்று குறைவு. யுரேனியம்-238 அணுக்கள் 138 இருந்தால் இது ஒன்றுதான் இருக்கும்.

1907இல் அமெரிக்காவைச் சேர்ந்த போல்ட்வுட் என்பவர், பழைய கனிமங்களில் யுரேனியத்துக்கு ஒப்பாகக் காரீயம் மிகுந்திருப்பதைக் கொண்டு அவற்றுக்கு வயது கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடைகள் 41 கோடி முதல் 220 கோடி ஆண்டுகள் வரை. பத்தே ஆண்டுகளுக்கு முன், 1897இல், கெல்வின் பிரபு பூமியின் வயதே 2 கோடிக்கும் 4 கோடிக்கும் இடையில்தான் என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்து அறிஞர்களுக்கு எவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்கும்!

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யுரேனியம்-238 அணுக்கள் 1000 இருந்தால், ஒரு கோடி ஆண்டில் அவற்றுள் 1.55 அணுக்களே சிதையும். ஒரு பிட்ச்பிளெண்டு துணுக்கில் இன்று 1000 யுரேனியம்-238 அணுக்களுக்கு 43.6 காரீயம்-206 அணுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காரீயம் முழுவதும் ஒரு காலத்தில் யுரேனியமாக இருந்தது. எனவே தொடக்கத்தில் யுரேனியம் 1043.6 அணுக்கள், இன்று 1000, இரண்டின் சராசரி 1021.8. இத்தனை அணுக்களில் கோடி ஆண்டுக்குச் சிதைவது 1.584. இதனால் 43.6ஐ வகுத்தால் 27.5 வரும். துணுக்கின் வயது 27½ கோடி ஆண்டுகள். லாகரிதம் கொண்டு செய்யும் சரியான முறையும் இதே விடையைத் தருகிறது.

அதே துணுக்கில் மற்றொரு கடிகாரமும் ஓடுகிறது. யுரேனியம்-235 அணுக்கள் 1000க்குக் கோடி ஆண்டில் 9.85 சிதையும். துணுக்கில் 1000க்கு 311 காரீயம்-207 அணுக்கள் இருந்தால், சராசரி 1155.5, கோடி ஆண்டுக்குச் சிதைவது 11.38; வகுத்தால் 27.3. எங்கள் சராசரி முறையினால் சிறு பிசகு உண்டு. சரியாகச் செய்தால் இதுவும் 27½ கோடியே. ஒரே அறையில் மாட்டிய இரு கடிகாரங்கள் ஒரே மணி காட்டினால் அதை நம்பலாம் அல்லவா? யுரேனியத்தின் பெருஞ்சிறப்பு இதுதான். மற்றக் கதிரியக்கக் கடிகாரங்களுக்கு இந்த உள்துணை இல்லை.

வகுப்பறைக் கணக்கு இவ்வளவு எளிது. தாதுமலையின் கல்லோ எளிதாக விடை சொல்லவில்லை. அதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, காரீயம் எல்லாம் யுரேனியத்தின் பிள்ளை அன்று என்பது. வெந்நீர் வரும்போதே சாதாரணக் காரீயத்தையும் சுமந்து வரும். அது கலேனா என்னும் கனிமமாக அதே நாளத்தில் படியும், பிட்ச்பிளெண்டுக்குள்ளும் கலந்திருக்கும். இதை வெளிப்படுத்திய ஆராய்ச்சியில் ஒரு பெண்மணியின் உழைப்பு இருக்கிறது. அவரைப் பற்றி எங்கள் பாடநூலில் ஒரு வரியும் இல்லை என்பதால் இங்கே சற்று நின்று சொல்லுகிறோம்.

ஸ்டெஃபானி ஹோரோவிட்ஸ் அம்மையார் 1887இல் வார்சாவில் பிறந்த யூதப் பெண். வியன்னாவில் வேதியியல் பயின்றார். அங்கிருந்த ரேடிய ஆராய்ச்சி நிலையத்தில் ஹோனிக்ஷ்மிட் என்பவருடன் பணியாற்றினார். ஒரே தனிமத்தின் அணுக்களுக்கு இருவேறு நிறை இருக்க முடியுமா என்று உலகெங்கும் வேதியியலார் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் யாக்கிமோவின் பிட்ச்பிளெண்டிலிருந்து காரீயத்தைப் பிரித்தெடுத்து, மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தி, அதன் குளோரைடை வெள்ளியோடு வினைபுரியச் செய்து, நுண்ணிய தராசில் நிறுத்தார். 1914இல் முடிவு வெளியாயிற்று. சாதாரணக் காரீயத்தின் அணு எடை 207.190, யாக்கிமோவ் காரீயத்தின் அணு எடை 206.736. வேறுபாடு அரைக்கும் குறைவு. ஆனால் அவர் தராசில் பிழை மூன்றாம் தசம இடத்தில்தான் வரக்கூடும். ஐசோடோப்புகள் உண்டு என்பதற்கு உறுதியான சான்று இது. பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொரொகோரோ என்ற இடத்துப் பிட்ச்பிளெண்டை ஆராய்ந்தபோது 206.046 கிடைத்தது. அது ஏறக்குறையத் தூய காரீயம்-206.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சாதாரணக் காரீயத்துக்கும் மொரொகோரோ காரீயத்துக்கும் இடைவெளி 1.144. யாக்கிமோவ் காரீயம் சாதாரணத்திலிருந்து 0.454 மட்டுமே விலகியிருக்கிறது. வகுத்தால் 0.4 வரும். ஆகவே யாக்கிமோவ் காரீயத்தில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கே யுரேனியத்தின் பிள்ளை. மற்ற ஆறு பங்கு வெந்நீரோடு வந்த அந்நியர். இதை அறியாமல் அத்தகைய துணுக்கின் காரீயம் முழுவதையும் கணக்கில் சேர்த்திருந்தால், 27½ கோடி வயதுள்ள தாதுவுக்கு 65 கோடிக்கும் மேல் வயது வந்திருக்கும். அதன் அடியில் உள்ள கிரானைட்டுக்கே அவ்வளவு வயது இல்லை.

இன்று இந்த அந்நியரைக் கழிக்கும் வழி உண்டு. காரீயம்-204 என்று ஓர் ஐசோடோப்பு இருக்கிறது. அது எந்தச் சிதைவிலும் பிறப்பதில்லை. எங்கே அது இருக்கிறதோ அங்கே சாதாரணக் காரீயம் கலந்திருக்கிறது. அருகில் உள்ள கலேனாவில் 204க்கு எத்தனை 206, எத்தனை 207 என்று பார்த்து, அதே விகிதத்தில் பிட்ச்பிளெண்டின் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

ஹோரோவிட்ஸ் அம்மையார் முதல் உலகப் போருக்குப் பின் ஆராய்ச்சியை விட்டு விலகினார். பிற்காலத்தில் வார்சாவுக்குத் திரும்பினார். 1942இல் ட்ரெப்ளிங்காவில் இருந்த நாசிகளின் கொலைமுகாமில் உயிரிழந்தார். ஐசோடோப்புகளைப் பற்றிய பணிக்காக 1921ஆம் ஆண்டின் நோபெல் பரிசு சாடி என்பவருக்கு வழங்கப்பட்டது. அது தகுதியான பரிசே. ஆயினும் தராசின் முன் அமர்ந்திருந்த பெண்ணின் பெயரையும் நம் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதலாம் என்பது எங்கள் விண்ணப்பம்.

இரண்டாம் தடை ரேடான். யுரேனியம் காரீயமாகும் வழியில் ஒரு படியில் வாயுவாக இருக்கிறது. வாயு என்றால் கல்லின் மயிரிழை வெடிப்புகள் வழியே தப்பிவிடும். தப்பினால் அது ஆகவேண்டிய காரீயமும் துணுக்கில் இராது. வயது குறைவாகத் தோன்றும். யுரேனியம்-238இன் வழியில் வரும் ரேடானின் அரைவாழ்வு 3.8 நாட்கள், தப்ப நேரம் உண்டு. யுரேனியம்-235இன் வழியில் வரும் ரேடானுக்கு அரைவாழ்வு நான்கு விநாடிகள்தான், புறப்படுவதற்குள் மாறிவிடும். ஆகையால் முதல் கடிகாரம் பின்தங்கி, இரண்டாவது சரியாக ஓடினால், அதற்குக் காரணம் ரேடானாக இருக்கலாம்.

தப்பிய வாயு சுரங்கத்தில் இருந்த மனிதரின் மார்புக்குள் சென்றது. தாதுமலையின் சுரங்கத் தொழிலாளர் இளவயதிலேயே நெஞ்சு நோயால் இறப்பதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பக்கம் உள்ள ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளரின் உடலைச் சோதித்து, அது நுரையீரலில் வரும் புற்று என்று 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் அறிவித்தார்கள். இந்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி அம்மையார்தான், நாம் சைனா கிராஸ் என்று கடையில் வாங்கும் கடற்பாசிப் பொருளைக் கிருமி வளர்க்கப் பயன்படுத்தலாம் என்று கணவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அடுக்களை அறிவு ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை அது.

1949 முதல் 1961 வரை யாக்கிமோவில் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்றைய அரசு சிறை முகாம்களை நடத்தியது. அரசியல் கைதிகளைக் கொண்டு யுரேனியம் வெட்டியெடுத்தார்கள். அவர்களுள் குருக்களும் துறவியரும் இருந்தனர். தாதுவைப் பொறுக்கிப் பொடியாக்கி இரும்புப் பீப்பாய்களில் நிரப்பும் வேலையைக் கைதிகள் போதிய பாதுகாப்பு ஏதுமின்றிச் செய்தார்கள். அந்தப் பிட்ச்பிளெண்டில் அடங்கிய கோடிக்கணக்கான ஆண்டுகளின் கணக்கைப் பேசும்போது இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சொல்லாமல் கடந்து போக எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் தடைதான் எல்லாவற்றிலும் பெரியது. பிட்ச்பிளெண்டு காரீயத்தை இறுகப் பிடித்து வைப்பதில்லை. யுரேனியம் அணுவின் இருக்கையில் காரீய அணு சரியாகப் பொருந்தாது. பின்னாளில் மறுபடியும் வெந்நீர் அவ்வழியே வந்தால் காரீயத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். யுரேனியத்தில் ஒரு பகுதியும் கரைந்து, சற்றுத் தள்ளிப் புதிதாகப் படியும். அப்படிப் படிந்தது மூத்த கல்லின் பக்கத்திலேயே நிற்கும் இளைய கல். இரண்டையும் ஒன்றாகப் பொடித்து அளந்தால் வரும் வயது இருவருக்கும் சொந்தமில்லாத நடுவயது.

இதற்கு வெதரில் என்ற அமெரிக்க அறிஞர் 1956இல் ஒரு வழி காட்டினார். இரு கடிகாரங்களும் ஒத்துப்போகும் எல்லா வயதுகளையும் வரைபடத் தாளில் குறித்து இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். காரீயம் இழந்த துணுக்குகள் அந்த வளைகோட்டுக்குக் கீழே விழும். ஒரே தாதுவின் பல துணுக்குகளைக் குறித்தால், பெரும்பாலும் அவை ஒரு நேர்கோட்டில் அமையும். அந்த நேர்கோட்டை நீட்டினால் வளைகோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். மேலே வெட்டும் இடம் தாது பிறந்த நாள். கீழே வெட்டும் இடம் அதற்குத் தொல்லை நேர்ந்த நாள். வரைகணிதத்தில் கோடு வரைவது எதற்கு என்று முணுமுணுக்கும் எங்கள் வகுப்புத் தோழியர் இதைக் கவனிக்கவும்.

இப்போது பொடித்து அளப்பதும் குறைந்துவிட்டது. மெருகேற்றிய கல்லின் மேல் தலைமயிரின் பருமனை விடச் சிறிய புள்ளியில் லேசர் ஒளியையோ அயனிக் கற்றையையோ பாய்ச்சி, அங்கிருந்து எழும் அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். பழுதுபட்ட ஓரத்தை விட்டுவிட்டு, சிதையாத நடுப்பகுதியை மட்டும் கேட்டறிய முடிகிறது.

இவ்வாறு கேட்டதில் தாதுமலை சொன்ன விடை என்ன? கிரானைட்டில் சிர்கான் என்னும் சிறு மணிகள் உண்டு. அவை யுரேனியத்தை ஏற்றுக்கொண்டு, பிறக்கும்போது காரீயத்தை விலக்கிவிடுபவை. பிட்ச்பிளெண்டைவிட நம்பத்தக்க கடிகாரம். அவற்றின்படி கிரானைட் பெரும்பாலும் சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகியது. ஜெர்மனியின் பக்கத்தில் ஷ்லேமா என்ற இடத்து நாளங்களில், 1946 முதல் 1990 வரை ஏறத்தாழ 80,000 டன் யுரேனியம் எடுக்கப்பட்ட பெருஞ்சுரங்கத்தில், முதன்மையான பிட்ச்பிளெண்டின் வயது சுமார் 27, 28 கோடி ஆண்டுகள். இடைவெளி நான்கு கோடி ஆண்டுகளுக்கும் மேல். கிரானைட் குழம்பு ஆறுவதற்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் போதும். தாது வரும்போது கிரானைட் என்றோ குளிர்ந்த பாறையாகிவிட்டது. கீரை நீர் என்ற கருத்து இங்கே தோற்றது.

வயது ஒரு சாட்சிதான். மற்றச் சாட்சிகளும் அதையே சொல்லுகின்றனவா என்று பார்க்க வேண்டும். குவார்ட்சும் கால்சைட்டும் வளரும்போது, சுற்றியிருந்த நீரில் ஒரு துளியைத் தமக்குள் சிறைப்படுத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத அத்துளிக்குள் ஒரு குமிழி இருக்கும். உருப்பெருக்கியின் கீழ் கல்லைச் சூடாக்கினால், ஒரு வெப்பநிலையில் குமிழி மறைந்து துளி முழுவதும் நீராகும். நீர் சிறைப்பட்டபோது குறைந்தது அவ்வளவு சூடு இருந்தது என்று பொருள். இத்தகைய யுரேனிய நாளங்களில் அது பெரும்பாலும் 100 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை. கிரானைட் இறுகுவது ஏறத்தாழ 700 டிகிரியில். 27 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நீர்த்துளி இன்றும் அந்தக் கல்லுக்குள் இருக்கிறது என்பதே எங்களுக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த செய்தி.

அடுத்த சாட்சி தோரியம். மிகுந்த சூட்டில், குழம்பிலிருந்தே பிறக்கும் யுரேனியக் கனிமத்தில் தோரியமும் கலந்திருக்கும். சூடு குறைந்த நீரிலோ தோரியம் அரிதாகவே கரையும். யுரேனியம் மட்டும் பயணம் செய்யும். தாதுமலை நாளங்களின் பிட்ச்பிளெண்டில் தோரியம் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

யுரேனியம் மட்டும் எப்படிப் பயணம் செய்கிறது? ஆக்சிஜன் உள்ள நீரில் அது ஆறு இணைதிறன் நிலையை அடைந்து, கார்பனேட்டுடன் சேர்ந்து நன்றாகக் கரையும். நான்கு இணைதிறன் நிலைக்கு இறங்கினால் கரையாமல் உடனே படிந்துவிடும். சாதாரண கிரானைட்டில் டன்னுக்கு 3, 4 கிராம் யுரேனியம் இருக்கும்; தாதுமலையின் கிரானைட் சிலவற்றில் அதைப்போலப் பல மடங்கு உண்டு. 27, 28 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பகுதி இழுபட்டு வெடிப்புகள் விட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்து இறங்கிய நீர் ஆழத்தில் சூடேறி, கிரானைட்டிலிருந்து யுரேனியத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தது. கரிப்பொருளும் சல்பைடும் நிறைந்த கருநிறப் பாறை அடுக்குகளை அந்நீர் கண்ட இடத்தில் ஆக்சிஜன் பறிபோயிற்று, யுரேனியம் படிந்தது. சுரங்க அதிகாரிகள் இந்தக் காரணம் தெரிவதற்கு முன்பே, நாளம் அத்தகைய கரும்பாறை அடுக்கைக் கடக்கும் இடத்தில்தான் தாது கொழுத்திருக்கும் என்று அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். பிறப்பிடம் தெரிந்தால் தேடும் இடமும் மாறும்: கிரானைட்டின் உச்சியை மட்டும் குடைந்து பார்ப்பவருக்குக் கிடைக்காதது, வெடிப்பும் கரும்பாறையும் சந்திக்கும் இடத்தில் பார்ப்பவருக்குக் கிடைக்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளியும் கோபால்ட்டும் நிக்கலும் பிட்ச்பிளெண்டுடன் ஒரே வெடிப்பில் இருப்பதால், எல்லாம் ஒரே வெந்நீரில் வந்தவை என்று எண்ணத் தோன்றும். தாதுமலையில் வெள்ளிக் கனிமங்களோடு சேர்ந்து வளர்ந்த கார்பனேட் கனிமங்களுக்கும் இப்போது லேசர் முறையில் யுரேனியம்-காரீய வயது கண்டிருக்கிறார்கள். 2021இல் வெளியான முடிவின்படி அவற்றின் வயது சுமார் 13 கோடிக்கும் 9 கோடிக்கும் இடையில். டைனசோர்கள் உலவிய காலம் அது. அடைபட்ட பழைய வெடிப்பு பதினைந்து கோடி ஆண்டுகள் கழித்து மீண்டும் திறந்து, வேறொரு நீர் வேறொரு செல்வத்தை அதே வழியில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. 1516இல் வெள்ளியைத் தேடிச் சென்றவர்கள் கெட்ட காலம் என்று ஒதுக்கிய கறுப்புக் கல்லுக்கு, அவர்கள் கையில் இருந்த வெள்ளியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வயது.